வந்தவர்கள் கட்டிய ஊர்

(வட்டக்கானலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய நண்பர், இந்த மலையில் வந்தேறிகள் அதிகமாகிவிட்டார்களென்றும், மண்ணின் மைந்தர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டதென்றும் மிக ஆத்திரத்தோடு பேசினார். அவருடைய ஆத்திரத்தில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. நிலத்தின் விலை ஏறுவதும், கூலிவேலை செய்கிறவன் குடிசை போட நாலு கோல் நிலமில்லாமல் தவிப்பதும் அவர் கண்ணால் கண்ட உண்மைகளேயாகும். ஆனால் "வந்தேறி" என்ற அந்த வார்த்தையை மாத்திரம் கொஞ்சம் நிறுத்திவைத்து ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். ஏனென்றால், இந்த வார்த்தை நமது நாட்டில் மேலே இருக்கிறவன்மேல் பாய்வதே கிடையாது. பட்டணத்திலிருந்து வந்து பங்களா வாங்குகிறவனை நாம் வந்தேறி என்று சொல்லுகிறோமா? "முதலாளி" என்று சொல்லி வழிவிட்டு நிற்கிறோம். அந்தப் பங்களாவுக்குக் கல் சுமக்க வந்தவனைத்தான் "நீ எந்த ஊர்க்காரன்? என்ன சாதி?" என்று கேட்கிறோம்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே சொல்லப் போகிறேன். நான் சொல்லுவதால் எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்த இடத்திலேயே உதறிவிட்டுப் போங்கள்.

முதலில், மண்ணின் மைந்தர் யார் என்பதைப் பார்ப்போம். இந்தப் பழனி மலையில் நெடுங்காலமாக இருந்து வருகிறவர்கள் பளியர்கள். தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் பிழைத்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்து காடு திருத்தி வெள்ளாமை செய்தவர்கள் குன்னுவர்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? தங்கள் முன்னோர்கள் சில நூறு வருஷங்களுக்கு முன் கோயமுத்தூர்ச் சீமையின் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்களென்று அவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். 1821-ல் வார்டு என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் இந்த மலையை அளக்க வந்தபோது இங்கே ஊர்களும் வயல்களும் இருந்தன. ஆகவே "யாருமற்ற காட்டை நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொண்டதும் பொய். "நாங்கள் இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள்" என்று முன்னால் வந்தவர்கள் சொல்லிக்கொள்ளுவதும் பொய். வந்த தேதியை வைத்துத்தான் உரிமை என்று ஆரம்பித்தால், பளியரைத் தவிர இந்தக் கூட்டத்திலிருக்கிற நாமெல்லோரும், மேடையிலிருக்கிற தலைவரவர்கள் உள்பட, இன்று சாயந்திரமே மூட்டை கட்ட வேண்டியதுதான். (சிரிப்பு)

ஆகவே, ஒரு குடும்பம் புதிய இடத்துக்கு வந்தால் அது எப்போது வந்தது என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. அது எதைக் கொண்டுவந்தது, எதைக் கீழே விட்டுவிட்டு வந்தது, வந்த பிறகு கதவைத் திறந்ததா வேலி போட்டதா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மலைக்கு வந்தவர்கள் சிலரைப் பரீட்சை செய்து பார்ப்போம்.

1834-ல் அமெரிக்க நாட்டுப் பாதிரிமார்கள் சிலர் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து, அமெரிக்கன் மதுரை மிஷன் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். மனைவி மக்களோடு குடும்பங் குடும்பமாக வாழ வந்தவர்கள் அவர்கள். வந்த சில வருஷங்களுக்குள் காய்ச்சலும் காலராவும் அந்தக் குடும்பங்களைப் பிடித்துக்கொண்டன. மனைவியைப் பறிகொடுத்தவர்களும், கைக்குழந்தையைப் புதைத்தவர்களும் அவர்களிலே உண்டு. அவர்களோ பாதிரிமார்கள்; கடவுளிடம் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது முழங்கால் தேய வேண்டிக்கொண்டிருக்கத்தான் செய்வார்கள். ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். வேண்டிக்கொண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. காய்ச்சல் இல்லாத இடம் எது என்று தேடினார்கள். முதலில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள சிறுமலையில் இருந்து பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் வந்தது. "ஆண்டவன் சித்தம்" என்று உட்கார்ந்துவிடாமல் அதைவிட உயரமான இடத்தைத் தேடினார்கள். அப்படித் தேடி 1845-ல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் சிலர் வீடு கட்டினார்கள். இன்று வருஷந்தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து போகிற கொடைக்கானல் பட்டணம் இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

மலைக்காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்பது அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றினால் வருகிறதென்றே படித்தவர்களும் நினைத்தார்கள். அந்தக் காய்ச்சலின் கிருமியை லாவெரான் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டது 1880-ல். கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமி வளருவதை ரொனால்டு ராஸ் நமது செகந்தராபாத்திலிருந்து கண்டுபிடித்தது 1897-ல். 7,000 அடி உயரத்துக் குளிரில் அந்தக் கிருமி கொசுவின் உடலில் வளர முடியாது. பாதிரிமார்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் எங்கே காய்ச்சல் வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்தார்கள். பார்த்ததை நம்பி நடந்தார்கள். பிழைத்தார்கள். பிரார்த்தனை காப்பாற்றியிருந்தால் மதுரையிலேயே காப்பாற்றியிருக்குமே! கடவுளுக்கு மதுரையென்றும் மலையென்றும் வித்தியாசம் உண்டா? வித்தியாசம் கொசுவுக்குத்தான் உண்டு. (சிரிப்பு) நம்முடைய ஊர்களில் அதே காய்ச்சலுக்கு நாம் எத்தனை காலம் மந்திரித்தோம், எத்தனை கூழ் ஊற்றினோம், எத்தனை பேய் ஓட்டினோம் என்பதை உங்கள் வீட்டுக் கிழவிகளைக் கேட்டால் சொல்லுவார்கள். ஆகவே, அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்த நல்ல சரக்கு இது: கண்ணால் பார்த்து, காரணத்தைத் தேடி, அதன்படி இடம் மாறுகிற துணிவு. அவர்களுடைய மதத்தை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்தத் துணிவை ஒப்புக்கொள்ளலாம்.

நிற்க, அவர்கள் மலையேறினார்கள் என்று சொன்னேனே, எப்படி ஏறினார்கள்? அப்போது ரயில் கிடையாது. மதுரைக்கு ரயில் வந்ததே 1875-ல். மோட்டார் ரோடு வந்தது, அந்த இரண்டு வீடுகள் கட்டி ஏறக்குறைய 70 வருஷத்துக்குப் பிறகு. அதுவரையில் துரைமார்கள் குதிரையிலும், துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து வந்தார்கள். நாற்காலிக்குக் கால் உண்டு, ஆனால் அது தானாக நடக்குமா? தமிழன் தோள்தான் நடந்தது. மெத்தை, பாத்திரம், மேஜை, புத்தகப் பெட்டி, பியானோ, ஜன்னல் கண்ணாடி எல்லாம் தலைச்சுமையாகவும் தோள்சுமையாகவும்தான் இங்கே ஏறியிருக்கின்றன. 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார் என்று படிக்கிறோம். பணம் அவருடையது, சரி. மண் வெட்டியது யார்? கரை கட்டியது யார்? துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பங்களாவுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. சுமந்தவனுக்குத்தான் பெயரில்லை, அவனுக்கு "கூலி" என்றே பெயர்.

அந்தக் கூலிகளும் குடும்பமாக வந்தவர்கள்தானே? பெரியகுளத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பெண்டு பிள்ளைகளோடு ஏறிவந்து, குளிரில் நடுங்கி, இங்கேயே தங்கிப் பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள்தானே? ஊரைக் கட்டிய முதல் குடும்பங்களென்று கணக்கெடுத்தால் அவர்களை எந்த நியாயத்தைக்கொண்டு விடுவது? உங்களில் பலர் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளாகவே இருக்கலாம். அப்படியானால் நீங்கள் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. உங்கள் பாட்டன் தோள் இல்லாமல் இந்தப் பட்டணம் இல்லை.

இனி, வந்த மிஷன் குடும்பங்கள் எதைக் கீழே விட்டுவிட்டு வந்தார்கள் என்று பாருங்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1847-ல், அதாவது மலையில் வீடு கட்டிய இரண்டாவது வருஷம், இதே மதுரை மிஷன்காரர்கள் தங்கள் சபையில் சாதி பார்க்கிறவர்களுக்கு இடமில்லையென்று சொல்லி, எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்படி பந்தி வைத்துப் பரீட்சை செய்தார்கள். கிறிஸ்தவர்களாகி, வேதத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்கள் பலரே அந்தப் பந்தியில் கைவைக்க மறுத்து வெளியே போனார்கள். மதம் மாறினாலும் சாதி மாறாத நமது பெருமை அது! அந்தப் பரீட்சையை வைத்ததற்காக அவர்களைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே பரீட்சையை மலைமேல் தங்களுக்கு வைத்துக்கொண்டார்களா? மலையில் கட்டியது தங்கள் நிறத்தாருக்கான ஒரு தனி ஊர். 1901-ல் ஹைகிளர்க் என்ற பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார்கள். அதுவும் தங்கள் பிள்ளைகளுக்கு. சுமைதூக்கியின் பிள்ளை அந்த மணியோசையைக் கேட்டிருப்பானே தவிர, பெஞ்சியில் உட்கார்ந்திருக்க மாட்டான். பிற்காலத்தில் அந்தப் பள்ளிக்கூடம் கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூலாக மாறி, பல தேசத்துப் பிள்ளைகளையும் நம் நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அதுவரைக்கும் பலகாலம் வேலி இருந்தது. ஆகவே அவர்களுக்கு நான் பாதி மார்க்குதான் போடுவேன். புத்தியைக் கொண்டுவந்தார்கள், பேதத்தைக் கீழே விட்டுவிட்டு வரவில்லை.

வந்தவர்கள் செய்த இன்னொரு தவறும் உண்டு. அவர்களுக்குப் பின்னால் நமது சர்க்காரும் சேர்ந்தே செய்த தவறு அது. இந்த மலையின் உச்சியிலே புல்வெளியும், பள்ளங்களிலே சோலைக்காடுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "புல்தரை வீணாகக் கிடக்கிறது" என்று நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில், யூகலிப்டஸ் மரங்களையும் பைன் மரங்களையும் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிட உதவியது. யூகலிப்டஸ் ஆலைக்குப் போயிற்று. ஆனால் அந்தப் புல்லும் சோலையும்தான் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. கீழே சமவெளியில் நெல் விளைவது அதனால்தான். ஆராயாமல் "வீண்நிலம்" என்று நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கையே ஆகும். பேயை நம்புகிறவனுக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அவன் இல்லாததை இருப்பதாக நினைக்கிறான். இவன் இருப்பதை இல்லையென்று நினைக்கிறான்.

இந்தத் தவறைத் திருத்த முயன்றவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான் என்பதை என் நண்பர் மறந்துவிட்டார். அவர்கள் வந்து தங்கியதோ இந்த வட்டக்கானலிலேதான். 1980-களில் ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இரண்டு வாழ்க்கைத் துணைவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே குடியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் சர்க்காரும் இல்லை, மிஷனும் இல்லை. மரஞ்செடிகளைப்பற்றி இந்தக் காட்டில் நடந்து நடந்து தாங்களே பார்த்துப் படித்துக்கொண்டவர்கள். இந்தப் பாம்பார் சோலையில் என்ன மரம் எப்போது பூக்கிறது, எப்போது காய்க்கிறது, அதன் விதை எப்படி முளைக்கிறது என்று பொறுமையாகக் கவனித்தார்கள். விதை பொறுக்கி நாற்றங்கால் போட்டார்கள். எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்று ஒரு மரம் உண்டு. இந்தப் பழனி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது, இங்கும் விரல் விட்டு எண்ணும்படியே மிஞ்சியிருந்தது. அப்படிப்பட்டவற்றையெல்லாம் தேடிப்பிடித்து வளர்த்தார்கள். இந்த ஊர் இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். வட்டக்கானல் காப்பு அறக்கட்டளை என்று ஒன்றையும் ஏற்படுத்தினார்கள்.

அவர்களிடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்நிய மரங்களையெல்லாம் உடனே வெட்டித் தள்ள வேண்டுமென்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் இவர்கள், பழைய வாட்டில், பைன் தோப்புகளின் நிழலிலேயே நமது சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதைக் கண்டார்கள். கண்டதும், ஒரே அடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் சாகுமே, ஆகவே ஆராய்ந்து செய்ய வேண்டுமென்று எடுத்துச் சொன்னார்கள். நேற்று எல்லோரும் சொன்னது எதுவானாலும், இன்று கண்ணால் கண்டதைக்கொண்டு அதைத் திருத்திக்கொள்வதுதான் அறிவின் லட்சணம். அதற்காக அவர்களுக்கு நாம் சிலை வைக்க வேண்டியதில்லை, கற்பூரம் காட்ட வேண்டியதுமில்லை. நாற்றங்கால் வேலையைப் படித்துக்கொண்டு தொடர்ந்து செய்தால் அதுவே போதுமானது.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் நல்லதென்று நான் சொல்லவில்லை. அதே 1980-களில் இந்தப் பாம்பார் சோலைக்கு மேலேயே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையும் வந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டது; பிற்பாடு இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் பழைய சாமான் கடையிலே கிடந்ததை ஜனங்கள் கண்டு கிளர்ச்சி செய்த பிறகு 2001-ல் அது மூடப்பட்டது. வேலை செய்த தொழிலாளிகள் நோயோடும் வழக்கோடும் போராடினார்கள். 591 பேருக்குக் கம்பெனி பணம் கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டது 2016-ல். பாருங்கள் தோழர்களே! இரண்டும் கடல் கடந்தே வந்தன. ஒன்று சோலைக்கு விதை போட்டது. மற்றொன்று அதே சோலைக்குப் பாதரசம் விட்டது. "வெளியிலிருந்து வந்தது" என்ற ஒரே வார்த்தையால் இரண்டையும் அளந்தால் நாம் எவ்வளவு ஏமாந்தவர்களாவோம்!

இனி, என் நண்பர் உண்மையில் யாரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினாரோ, அவர்களைப்பற்றிச் சொல்லுகிறேன். "சிலோன்காரர்கள்" என்று நீங்கள் சொல்லுகிறீர்களே, அவர்களைப்பற்றித்தான். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார்கள் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைக்குப் போய்க் காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள். அந்தத் தேயிலையால் ஒரு தேசமே பிழைத்தது. 1948-ல் அந்தத் தேசம் சட்டம் செய்து, அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிறமாதிரி பங்கு போட்டன. அவர்களைக் கேட்டா செய்தார்கள்? அங்கே "இந்தியாக்காரன்" என்று துரத்தப்பட்டவன், இங்கே வந்தவுடன் "சிலோன்காரன்" ஆகிவிட்டான். அப்படி வந்த குடும்பங்களில் சில இந்தக் கொடைக்கானல் மலையிலே வாட்டில் பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் காண்டிராக்டர்களிடம் முன்பணம் வாங்கி, கொத்தடிமைகளாகச் சிக்கிக்கொண்டன. கொத்தடிமை முறை கூடாதென்று 1976-லேயே சட்டம் வந்த பிறகு நடந்த அக்கிரமம் இது.

இப்போது அவர்களுக்கும் நாம் அதே பரீட்சையை வைப்போம். என்ன கொண்டுவந்தார்கள்? இரண்டு கை, தேயிலைத் தோட்டத்தில் பழகிய உழைப்பு, தொழிற்சங்கம் கண்ட அனுபவம். வேலி போட்டார்களா? வேலி போட அவர்களுக்கு நிலம் எங்கே இருந்தது? வேலி போட்டவர்கள் நாம்தான். மற்ற எல்லாப் பரீட்சையிலும் தேறியவனை, வந்த தேதி சரியில்லையென்று சொல்லித் தள்ளினால், அது பரீட்சையா, சூழ்ச்சியா? ஒரு துரை வந்து இரண்டு வீடு கட்டினால் அவன் ஊரை உண்டாக்கியவன். ஒரு தோட்டத் தொழிலாளி வந்து ஒரு குடிசை போட்டால் அவன் ஆக்கிரமிப்புக்காரனா? இதை மானமுள்ள மனிதன் ஒப்புக்கொள்ள முடியுமா?

கடைசியாக ஒரு வார்த்தை. இங்கிருந்து கீழே இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் வெள்ளகவி என்ற பழைய ஊர் இருக்கிறது. உங்களுக்கெல்லாம் தெரிந்த ஊர்தான். வீடுகளோடு போட்டி போடுகிறாற்போல் அங்கே கோவில்கள். ஊருக்குள் செருப்புப் போடக்கூடாதென்ற வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை தலைமுறையாக வண்டி போகிற பாதை இல்லாமல், பிரசவ வேதனைப்படுகிற பெண்ணையும் பாம்பு கடித்தவனையும் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்நியத் துரைசானியைச் சுமந்த தோள், பிறகு தன் பெண்டாட்டியைச் சுமந்தது. டோலியைச் சுமக்க எந்தச் சாமியும் முன்வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன்தான் வந்தான். ஊர் என்பது அதுதான் தோழர்களே! யார் தோள் கொடுக்கிறானோ அவன் ஊர்க்காரன்.

ஆகவே இந்த வட்டக்கானல்வாசிகளாகிய உங்களை நான் கேட்டுக்கொள்ளுவது இரண்டொரு காரியங்கள்தான். புதிதாக ஒரு குடும்பம் வந்தால் அதன் சாதியைக் கேட்காதீர்கள். வந்த தேதியையும் கேட்காதீர்கள். அதன் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். பட்டாவுக்கு மனுப் போடும்போது சிலோன்காரன் மனு, பளியன் மனு, ஊர்க்காரன் மனு என்று மூன்றாகப் போடாமல், ஒரே மனுவாகப் போட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாகப் போனால் உங்களை மோதவிட்டுவிட்டு நிலத்தை நான்காவது ஆள் கொண்டுபோய்விடுவான். அவன் நிச்சயமாகப் பங்களாக்காரனாகத்தான் இருப்பான். சோலையையும் ஓடையையும் யார் கெடுத்தாலும், உள்ளூரானாலும் வெளியூரானாலும், ஒன்றாகச் சேர்ந்து தடுங்கள்.

என் நண்பர் கோபித்துக்கொள்ளமாட்டாரென்று நம்புகிறேன். அவருக்குப் பதில் சொல்ல ஆசையிருந்தால் தலைவரவர்கள் தாராளமாக நேரம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.